பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிக்கு ஆட்ப்ளூ எதற்கு? உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா? இது இல்லாமலே ஓட்ட முடியாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். நாமக்கல் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். புகைக்குழாய்ப் பக்கம் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது வண்டியின் அமைப்பு இல்லை, அதில் ஊற்றிய திரவம்தான். டிரைவர்கள் இதை ஆட்ப்ளூ என்பார்கள், டெஃப் என்பார்கள், சும்மா யூரியா என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றே: புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்.

இது எஞ்சினுக்குள் போவதில்லை. டீசலோடும் கலப்பதில்லை. தனி டேங்க், நீல மூடி. சிலிண்டருக்குள் சூடு ஏறும்போது, உள்ளே இழுத்த காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் வாயு அது. வெயிலில் ஓசோனாகவும் புகைமூட்டமாகவும் மாறும். சிலிண்டர் சூட்டைக் குறைத்தால் இந்த வாயு குறையும். ஆனால் கரி கூடும், மைலேஜ் விழும். அதனால்தான் கனரக வண்டிகளில் எஞ்சினை நன்றாக எரியவிட்டு, வெளியே வரும் வாயுவைக் குழாயிலேயே சுத்தம் செய்யும் வழியைப் பிடித்தார்கள். ஆட்ப்ளூவுக்குக் கொடுக்கும் காசை வீண்செலவு என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த எஞ்சின் டீசலை மிச்சம் பிடிக்க முடிவதே பின்னால் இந்தத் திரவம் இருப்பதால்தான்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. சூடான புகையில் திரவம் பீய்ச்சப்படும். யூரியா பிரிந்து அம்மோனியா ஆகும். எஸ்சிஆர் என்கிற வினையூக்கிக்குள் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். பிஎஸ்4 கனரக வண்டிக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் வரை இந்த வாயுவை விட அனுமதி இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6இல் அது 0.46 கிராம். சிறிய கார்களில் சில இது இல்லாமலே தப்பித்து வந்தன. 2023 ஏப்ரலில் சாலையில் ஓட்டியே அளக்கும் சோதனை வந்ததும் அவற்றில் பலவும் இதற்கு மாறிவிட்டன.

செலவு என்று பார்த்தால், கனரக வண்டிக்கு 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும். பாரத்தையும் ரோட்டையும் பொறுத்து கொஞ்சம் மாறும்.

இப்போது உரக்கடை யூரியாவுக்கு வருவோம். நல்ல ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பே இல்லாத சுத்திகரித்த தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரப்படி ஒரு கிலோ திரவத்தில் கால்சியம் அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் அதைப் போல நூறு மடங்கு சாதாரணமாக இருக்கும். வயலுக்கு வரும் யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதில் பையூரெட் என்ற கழிவும் அதிகம். எண்ணெய், உப்பு, பையூரெட் மூன்றும் சேர்ந்து பம்ப், ஃபில்டர், வினையூக்கி என்று வரிசையாக அடைத்துக்கொண்டே போகும். அப்புறம், அது அரசு மானியத்தில் விவசாயிக்குப் போக வேண்டிய உரம். அதை வண்டிக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். பயிருக்கு உரம் கிடைக்காமல் வரிசையில் நிற்பவர்களை நினைத்தாவது அந்த மூட்டையைத் தொடாமல் விடலாம்.

மட்டமான திரவம் ஓடிய வண்டியில் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினால், முனையைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டிச் சுண்ணாம்பு போல அப்பியிருக்கும். விரலால் தட்டினால் உதிராது. வெந்நீரில் ஊறவைத்தால் படிகம் கரையும்; நீண்ட நாள் சூட்டில் இறுகிப்போனது கரையாது, பொருளையே மாற்ற வேண்டியதுதான். வாங்கும் திரவத்தில் சந்தேகம் இருந்தால், யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 32.5க்கு அருகில் நிற்க வேண்டும். அளவை மட்டும்தான் அது காட்டும். சுத்தத்தைக் காட்டாது. அதனால் சீல் உடையாத கேன், தயாரித்த தேதி இரண்டையும் பார்த்தே வாங்குங்கள். 25 டிகிரியில் வைத்தால் ஒன்றரை வருஷம் இருக்கும்; 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் ஊர் வெயிலில் கேபின் மேல் கட்டி வைக்கும் கேன் என்னவாகும் என்று யோசியுங்கள். டீசல் ஊற்றிய புனல், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வாளி எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வண்டியை நிறுத்தியதும் மெயின் சுவிட்சை உடனே அணைக்காமல் இரண்டு நிமிஷம் விடுங்கள். குழாயில் மிச்சமிருப்பதைப் பம்ப் டேங்குக்கே திருப்பி இழுத்துக்கொள்ளும் நேரம் அது. இந்த ஒரு பழக்கமே பாதி அடைப்பைத் தவிர்க்கும்.

இது இல்லாமல் ஓட்ட முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டேங்க் வற்ற வற்ற முதலில் விளக்கு எரியும், பிறகு இழுவை குறையும், கடைசியில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. 2021 கடைசியில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது, தென்கொரியாவில் லாரிகள் நின்றுவிடும் என்று பயந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ராணுவ விமானத்தில் 27,000 லிட்டர் கொண்டுவந்தார்கள். சென்சாரை ஏமாற்றும் சின்னப் பெட்டியை மாட்டித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். அது சட்டவிரோதம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வண்டியைச் சுற்றி வேலை செய்யும் உங்கள் டிரைவரும் கிளீனரும்.

கடைசியாக ஒன்று. தவறிப்போய் ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். அப்படியே நிறுத்தி, டேங்கை இறக்கிக் கழுவினால் பிழைத்துவிடும். ஸ்டார்ட் செய்தால் ஹைபிரஷர் பம்ப், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடும் ரெயில் குழாய், இன்ஜெக்டர் எல்லாம் போய்விடும்.