ட்ரூகனினி கழுத்துல இருக்கிற மாலை

கேள்வி: ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல இருக்கிற ஹோபார்ட் நகரத்துக்குப் போயிருந்தப்போ ட்ரூகனினியோட பழைய போட்டோ பார்த்தேன், கழுத்துல சுத்து சுத்தா ஒரு மாலை. அது முத்தா, சங்கா? அவங்கதான் கடைசி டாஸ்மேனியப் பூர்வகுடின்னு எங்கயோ படிச்சேன், அப்போ அந்த வேலையும் அவங்களோடயே போயிடுச்சா?

பதில்: முத்து இல்லைங்க, குட்டிக் குட்டிச் சங்கு. மைரீனர்னு பேரு. சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், கடலுக்குள்ள பாசியில ஒட்டிக்கிட்டு வாழுற நத்தையோட ஓடு. மேல பழுப்பா ஒரு தோல் மூடியிருக்கும், அப்படியே பார்த்தா கையில எடுக்கக்கூட தோணாது, அந்தத் தோலை எடுத்துட்டா உள்ள மயில்கழுத்துக் கலர் மின்னும் பாருங்க, அவ்ளோ அழகு! அந்தக் காலத்துல புல்லைக் கொளுத்திப் புகை காட்டித் தோலை எடுத்து, நல்லா தேய்ச்சு, கங்காரு பல்லால ஓட்டை போட்டு, கங்காரு நரம்புல கோர்த்து, மட்டன்பேர்டுங்கிற கடல்பறவையோட எண்ணெயைத் தடவி பளபளப்பாக்குவாங்க.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். "கடைசி ஆள்"ங்கிறது சுத்தப் பொய்ங்க. ட்ரூகனினி இறந்தது 1876ல, ஆனா சீல்ங்கிற கடல்நாயை வேட்டையாடினவங்க டாஸ்மேனியாவுக்கு வடக்கே பாஸ் ஜலசந்தித் தீவுகளுக்குக் கொண்டுபோன பூர்வகுடிப் பெண்களோட வம்சம் கேப் பாரன், ஃப்ளிண்டர்ஸ் தீவுகள்ல அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நிலம் போச்சு, மொழி போச்சு, இந்த மாலை மட்டும் அம்மாகிட்ட இருந்து மகளுக்கு விடாம வந்துக்கிட்டே இருக்கு. 1946ல கேப் பாரன்ல பிறந்த, இந்த மாலை கோர்க்கிற கலைஞர் லோலா கிரீனோவோட அம்மாவும் மாலை கோர்த்தவங்கதான், மாமியார் டல்சியும் கோர்த்தவங்கதான். ஒரு இனமே அழிஞ்சுபோச்சுன்னு பாடப்புத்தகத்துல எழுதிக்கிட்டிருந்த வருஷங்கள்ல இந்தப் பெண்கள் தீவுல உட்கார்ந்து மாலை கோர்த்துக்கிட்டு இருந்தாங்க, இதை நினைச்சா எனக்கு மனசு கனத்துப்போகும். ட்ரூகனினியோடதுன்னு இங்கிலாந்துல எக்ஸிட்டர் மியூசியத்துல இருந்த ஒரு மாலையும் கைவளையமும் 1997ல ஊர் திரும்பிச்சு.

கரையில ஒதுங்கினதைப் பொறுக்கிக் கோர்க்கலாமேன்னு கேப்பீங்க. ரைஸ் ஷெல்னு நிஜமாவே அரிசி சைஸ்ல இருக்கிறதை எல்லாம் மணல்ல பொறுக்குவாங்க. மைரீனர் அப்படி இல்ல. ஒதுங்கினது வெயில்ல வெளுத்து உடையும், அதனால தண்ணி நல்லா வத்துற நாள் பார்த்து, குளிர்ல கடலுக்குள்ள இறங்கி, பாசியில உயிரோட இருக்கிறதையே எடுக்கணும். அப்புறம் சதை போகணும், சைஸ் பார்த்துப் பிரிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஓட்டை போடணும், ஒரு நீள மாலைக்கே மாசக்கணக்கு ஆயிடும். இப்போ கடல் சூடாகி அந்தப் பக்கம் பாசிக்காடே குறைஞ்சுபோச்சு, முன்ன சுலபமா கிடைச்ச இடத்துல கூட மைரீனரைத் தேடவேண்டியிருக்கு.