மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் கறிவேப்பிலை கொட்டுகிறதே?

கேள்வி: கெடா, பீடோங் பக்கம் பழைய தோட்ட வீட்டில் இருக்கிறோம். மேற்குப் பார்த்த முன்வாசலில், சிமெண்டுத் தரையில் கறிவேப்பிலை, துளசி, மணி பிளான்ட் என்று பத்துப் பன்னிரண்டு சாடிகள். இந்த வெயிலுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் மதியம் எல்லாம் துவண்டுவிடுகின்றன. கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. பின்கட்டுச் சமையலறை தகரக் கூரை. உள்ளே நிற்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மதியத் தண்ணீரை நிறுத்துங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் சாடி வெயிலில் சிமெண்டின்மேல் இருந்தால், வெயில் படும் பக்கத்து மண் 45 டிகிரியைத் தாண்டும். 38 டிகிரிக்கு மேல் போனாலே பெரும்பாலான செடிகளின் வேர் திணற ஆரம்பித்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, இலை துவளும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். மண்ணிலுள்ள காற்றுத் துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. சுடுநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். வேருக்கோ சூட்டில் அது கூடுதலாக வேண்டும். மூச்சுமுட்டி வேர் அழுகுகிறது, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உங்கள் கறிவேப்பிலையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

மதியம் துவண்ட செடி மாலை ஏழு மணிக்குள் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் உண்மையிலேயே தாகம். ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் அழுகல். மண் சற்று உலரும்வரை நிழலில் வையுங்கள். கொட்டிப்போன கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பிடுங்கி எறிய வேண்டாம்.

தண்ணீருக்குச் சரியான நேரம் காலை எட்டரைக்குள். 12 அங்குலச் சாடிக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர், அடித்துளையில் சொட்டும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஊற்றியதும் தண்ணீர் சாடி ஓரமாக வழிந்து உடனே கீழே வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ஒருமுறை காய்ந்து இறுகிய தேங்காய் நார்த்தூள் கலவை தண்ணீரை உள்ளே விடாது. அந்தச் சாடியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் பாதி மூழ்க வைத்து, நன்றாக வடியவிடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. இந்தச் சூட்டில் ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். சோதனைக்கு வருகிறவர்கள் கண்டால் அபராதமும் உண்டு.

அடுத்தது சாடியைத் தரையிலிருந்து பிரிப்பது. இரண்டு செங்கல் வைத்துத் தூக்கினாலே போதும். பாசாரில் மீன் வரும் வெள்ளைப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது: அடியில் நான்கைந்து துளை போட்டு, சாடியை உள்ளே இறக்குங்கள். மண்ணின்மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம், தண்டை ஒட்டாமல்.

பிறகு நிழல். பீடோங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.20க்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் அது நேர் தலைக்குமேல் வந்து, நேர் மேற்கே இறங்கும். சூடு உச்சத்தில் இருப்பது மூன்று, நான்கு மணிக்கு. பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று பதிவான 40.1 டிகிரி போன்ற கணக்கெல்லாம் நிழலில் எடுத்தவை; உங்கள் சிமெண்டுத் தரை அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஆகவே நிழல் வலை மேலேயும் வேண்டும், மேற்குப் பக்கமும் தொங்க வேண்டும்.

நர்சரியில் 50 விழுக்காடு கறுப்பு நிழல் வலை கேளுங்கள். 70 விழுக்காடு மணி பிளான்டுக்குச் சரி, கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் இருட்டு. மூன்று மீட்டர் வரிசைக்கு, இரண்டு மீட்டர் அகல வலையில் மூன்றரை மீட்டர் வாங்கினால் மேலே ஒரு மீட்டர், முன்னால் ஒரு மீட்டர் தொங்கல் கிடைக்கும். வலைக்கும் இலைக்கும் இடையே குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கறுப்பு வலையே சுடும். ஓரத்தை இரண்டாக மடித்து, 30 சென்டிமீட்டருக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். மடிக்காமல் கட்டினால் ஏப்ரல் மாதத்து மாலைப் புயல்காற்றில் கிழிந்துவிடும். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் முறியும், கறுப்பை வாங்குங்கள்.

மணி பிளான்டை இவ்வளவு சிரமப்பட்டு வெளியே வைக்க வேண்டியதில்லை. உள்ளே, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

வெயில் காலத்தில் உரம், கோழிச்சாணப் பெல்லட், மண் மாற்றுவது, கிளை வெட்டுவது எதுவும் வேண்டாம். காய்ந்த வேரில் உரத்தின் உப்பு ஏறினால் இலை நுனி கருகும். இலையில் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். மூன்று நாளுக்கொரு முறை காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் அடங்கும்.

சமையலறைக்கு வருவோம். உள்ளே செடி வைத்தால் குளிரும் என்பார்கள். நம் ஊரில் புழுக்கம்தான் கூடும். தகரத்தின் மேற்புறத்தை வெள்ளை நிறக் கூரைப் பூச்சால் இரண்டு கோட் அடிப்பதுதான் காசுக்கேற்ற வேலை. துருவைச் சுரண்டிக் கழுவிய பிறகு, தகரம் சூடேறும் முன் காலையிலேயே அடியுங்கள். கொதிக்கும் தகரத்தில் பூச்சு ஒட்டுமுன்பே காய்ந்து, பிறகு உரிந்து வரும். தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் போடுவதானால் பளபளப்பு கீழே பார்த்திருக்க வேண்டும், அதற்கடியில் குறைந்தது ஓர் அங்குலக் காற்றிடைவெளியும் வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில மாதத்தில் பயனற்றுப்போகும். அந்தத் தாளில் மின்சாரம் பாயும் என்பதால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வயர்களை ஒட்டாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

முதல் மழை பெய்ததும் உரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கறிவேப்பிலையில் இரண்டு மூன்று புதுத் துளிர் முழு இலையாக விரிந்தபின், வழக்கமான அளவில் பாதி போடலாம். வலையையும் ஒரேயடியாக எடுக்காமல், முதலில் காலை வெயில் மட்டும் படும்படி ஒரு வாரம் விலக்கி வையுங்கள். நிழலில் வந்த துளிர் நேர் வெயிலில் ஒரே மதியத்தில் கருகிவிடும்.