அகதா கிறிஸ்டி: முதலில் படிப்பதா, பார்ப்பதா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியைப் படிக்க ஆசைப்படுகிறாள். அவர் கதைகளை வைத்து எடுத்த படங்களும் தொடர்களும் கொட்டிக் கிடக்கின்றன. எதில் ஆரம்பிக்கச் சொல்லலாம்?

பதில்: நாவல் என்றால் புத்தகம்தான் முதலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி இங்கிலாந்தில் தன் சொந்த ஊரான டார்க்கீயில், மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். எந்த மருந்து எத்தனை அளவைத் தாண்டினால் விஷம் என்பது அங்கே கற்றது. 1920இல் வெளியான முதல் நாவல், 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்', அந்த அறிவில் பிறந்ததுதான். ஒரு டானிக் பாட்டில், ஒரு காபிக் கோப்பை எல்லாம் அதில் போகிறபோக்கில் வந்து போகும். நாமும் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். படத்தில் கேமரா அந்தக் கோப்பைமேல் ஒரு நொடி கூடுதலாக நின்றாலே விஷயம் வெளியே வந்துவிடும். 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) இன்னும் கறார். அதன் உயிர் கதை சொல்லும் விதத்தில் இருக்கிறது. படிக்காமல் பார்க்கவே விடாதீர்கள்.

படித்தபின் படம் சப்பென்று ஆகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். கிறிஸ்டியே தன் முடிவுகளை மாற்றியவர். 1939இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலை 1943இல் நாடகமாக்கியபோது வேறு முடிவு எழுதினார். ரெனே க்ளேரின் 1945 படம் அந்த நாடகத்தின் வழியில்தான் முடிகிறது. (நம் எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' இதே நாவலைத் தழுவியது.) 'விட்னெஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' 1925இல் சிறுகதை. நாடகமானபோது கடைசியில் இன்னொரு திருப்பம் சேர்ந்தது. பில்லி வைல்டரின் 1957 படத்தில் அதைப் பார்க்கும்போது, சிறுகதையைப் படித்தவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிப்பதற்கு முன்பே ஏதாவது பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்தால், கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக டேவிட் சுஷே நடித்த தொடரைப் போடுங்கள். 1989 முதல் 2013 வரை 70 எபிசோடுகள். தொடக்க சீசன்களில் பெரும்பாலானவை சிறுகதைகள், அதனால் இழப்பு குறைவு. மார்கரெட் ரூதர்ஃபோர்ட் நடித்த 'மர்டர் அஹாய்' (1964) படத்தையும் தைரியமாகப் பார்க்கலாம். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைப் புதிதாக எழுதிவிட்டார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவில்லை. அசல் மார்ப்பிள் வேண்டுமானால் 1984இல் தொடங்கிய பிபிசி தொடரின் ஜோன் ஹிக்சன்தான். ஆனால் அதில் வரும் 12 கதைகளும் நாவல்கள். ஒவ்வொன்றையும் படித்து முடித்த பிறகு அதற்குரிய பகுதியைப் போட்டுக் கொடுங்கள்.