தரைகீழ்த் தளத்தில் வெள்ளம்

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைகீழ் வாகன நிறுத்தத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த மழைக்குள் என்ன செய்யலாம்?

பதில்: தெருத் தண்ணீர் முதலில் இறங்குவது வாகனச் சரிவுப்பாதை வழியாகத்தான் என்பதால், சுவரில் படிந்த கறையைக் கொண்டு அன்று தெருவில் நின்ற மட்டத்தை அளந்து, அதைவிட உயரமாகப் பாதையின் தொடக்கத்தில் ஒரு மேடு கட்டுங்கள், அதற்கு இடமில்லையெனில், கழற்றி மாட்டக்கூடிய தடுப்புப் பலகையைப் பொருத்துங்கள். தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் தண்ணீர் திரும்பி வரும். பலரும் மறந்துவிடும் இதற்கு, ஒருவழி வால்வு அவசியம். குழாய்கள் சுவரில் நுழையும் இடத்தில் விரல் நுழையுமளவு இடுக்கு இருந்தாலும் அடைத்துவிடுங்கள். வெள்ளத்தில் மின்சாரம் நிறுத்தப்படும் என்பதால், நீர் இறைக்கும் மோட்டாருக்கான ஜெனரேட்டரையும் மின்பெட்டிகளையும் மேல்தளத்துக்கு மாற்றுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்காமல், வண்டியை எடுப்பதற்காகக்கூட எவரும் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.