சக்கரத்தைத் தள்ளும் கை எப்போது விடுபடும்? – வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து இயங்கும் நடனக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இத்தகைய குழுக்கள் வெளியிலிருந்து நடன அமைப்பாளர்களை அழைப்பதாக எழுதியிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகளோடு இதுவரை பணியாற்றியே இராத ஒருவர், அவர்களுக்கு எப்படி நடனம் அமைப்பார்? அசைவுகளை எளிமையாக்கிக் கொடுப்பாரா?

பதில்: எளிமையாக்கிக் கொடுத்தால் அந்தக் கூட்டுப்பணி அன்றே தோற்றுவிட்டது என்பது என் கருத்து. பெரும்பாலான நடன அமைப்பாளர்கள் ஓர் அசைவைத் தம் உடலில் கண்டடைந்து, அதை ஆடிக் காட்டி, மற்றவர்களைத் திருப்பி ஆடச் செய்தே பழகியவர்கள். ஊன்றுகோலோடு ஆடுபவர், சக்கர நாற்காலியில் ஆடுபவர், ஒரு கை இல்லாதவர், காது கேளாதவர் எனப் பலரும் கூடியிருக்கும் ஒத்திகைக்கூடத்தில் இந்தப் பழக்கம் முதல் நாளே பயனற்றுப்போகிறது. அப்போது சட்டென்று தோன்றும் வழி, காலுக்குப் பதில் கை, குதிப்பதற்குப் பதில் தோளசைவு என்று மாற்று அசைவுகளைத் தருவது. அதைப் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார்: ஒருவர் மூலத்தை ஆடுகிறார், இன்னொருவர் அதற்கு ஈடாக ஏதோ செய்துகொண்டிருக்கிறார்.

தேர்ந்த அமைப்பாளர் இன்னும் ஒரு படி பின்னுக்குப் போய், இந்த இடத்தில் காலை எதற்காகத் தூக்கச் சொன்னோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வார். உடலின் எடை கீழே இறங்குவதை ஒரு கணம் தாமதப்படுத்தவா, பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விடவா, அல்லது அவரை மிரட்டவா? நோக்கம் தெளிவானதும் அதை ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்துவிடலாம்; எப்படி நிறைவேற்றுவது என்பதை அந்தந்த உடல் கண்டுபிடிக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், அமெரிக்க நடன அமைப்பாளர் டிரிஷா பிரவுன் 1983இல் உருவாக்கிய ‘செட் அண்ட் ரீசெட்’. எளிமையாக வைத்துக்கொள், உள்ளுணர்வின்படி செயல்படு, மேடையின் விளிம்பில் இரு, தெரிவதோடும் மறைவதோடும் விளையாடு, என்ன செய்வதென்று தெரியாவிட்டால் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள் என்ற ஐந்து அறிவுறுத்தல்களிலிருந்து நடனக் கலைஞர்கள் தாமே அசைவுகளை உருவாக்கிய படைப்பு அது. இங்கிலாந்தின் கேண்டோகோ நடனக் குழு இதே முறையைப் பின்பற்றி 2011இல் தனக்கான வடிவத்தை உருவாக்கியது. அந்த ஐந்து அறிவுறுத்தல்களில் ஒன்றாவது கால்களைப் பற்றிப் பேசுகிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்து அமைக்கப்படாத ஒரு படைப்பு, அவர்களிடம் வந்தபோது எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

அதே சமயம், நோக்கத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். கையால் இயக்கும் சக்கர நாற்காலியில் கைதான் கால். தள்ளும்போது முத்திரை காட்ட முடியாது. ஆனால் ஓங்கி ஒரு முறை தள்ளிவிட்டால் நாற்காலி தானாக வழுக்கிச் செல்லும் சில கணங்களுக்கு இரு கைகளும் விடுபடுகின்றன, உடல் அசையாமலேயே இடம் பெயர்கிறது. நடந்து ஆடுபவர் எவ்வளவு முயன்றாலும் இந்த வழுக்கலைக் கொண்டுவர முடியாது. முன்னால் உள்ள சிறு சக்கரங்கள் திசை மாறும்போது நாற்காலி பக்கவாட்டில் லேசாக வெட்டி இழுக்கும்; அதை எதிர்பார்க்காதவர் தாளத்தைத் தவறவிடுவார், எதிர்பார்த்தவர் அதையே தாளமாக்குவார். மின் நாற்காலி வேறொரு பிராணி. அதன் எடை அதிகம், ஆனால் ஒரே வேகத்தில் நெடுநேரம் சுழலும். மெத்தென்ற நடனத் தரைவிரிப்பு சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். சரிவான மேடையோ நாற்காலியைப் பார்வையாளர் பக்கம் உருட்டிவிடப் பார்க்கும். இவற்றையெல்லாம் தடைகளாகக் குறித்துக்கொள்பவருக்கும் இசையமைப்பாளர் ஒரு கருவியின் இயல்பைக் கற்பதைப் போலக் கற்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு மேடையில் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: இவ்வளவு சிரமம் இருக்கும்போது வெளியாரை ஏன் அழைக்க வேண்டும்? குழுவில் இருப்பவர்களே நடனம் அமைத்துக்கொண்டால் என்ன?

பதில்: நியாயமான கேள்விதான், ஆனால் வரலாறு கொஞ்சம் வேறுவிதமாகப் பேசுகிறது. செலஸ்ட் டாண்டிகர் லண்டனில் ஒரு முன்னணி நவீன நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர். 1973இல் மேடையில் ஆடும்போதே விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டார். பல ஆண்டுகள் நடனத்திலிருந்து விலகியிருந்த அவர், 1991இல் ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து கேண்டோகோவைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஓக்லண்டில் 1987இல் தோன்றிய ஆக்ஸிஸ் நடனக் குழுவோ முதலில் தன் உறுப்பினர்களின் படைப்புகளையே ஆடிவந்தது. 1997இல் கலை இயக்குநர் பொறுப்பேற்ற ஜூடித் ஸ்மித், தாமும் சக்கர நாற்காலியில் இயங்கியவர், வெளியிலிருந்து புகழ்பெற்ற அமைப்பாளர்களை அழைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 2000இல் பில் டி. ஜோன்ஸ் அந்தக் குழுவுக்கு ஒரு படைப்பை அமைத்துக் கொடுத்தார்; ஸ்டீபன் பெட்ரோனியோவும் பின்னால் வந்தார்.

இதில் ஒரு கணக்கு இருந்தது. குழு தனக்குள்ளேயே படைத்துக்கொண்டிருந்த வரை விமரிசகர்கள் அதைச் சமூக சேவையின் கிளையாகவே பார்த்தார்கள். நடனப் பக்கத்தில் எழுதவில்லை. ஊரறிந்த அமைப்பாளர் ஒருவர் தம் அடுத்த படைப்பை இந்தக் கலைஞர்களோடு அமைக்கிறார் என்றால் அவருடைய பார்வையாளர்களும் விமரிசகர்களும் கூடவே வந்துதான் ஆக வேண்டும். கலைஞர்களுக்கும் ஆண்டுக்கு ஆண்டு புதிய நடை, புதிய கோரிக்கை கிடைக்கிறது. ஒரு நடனக் கலைஞர் தேர்ச்சி பெறுவதற்கு வேறு வழி இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் சந்தேகத்தையும் மறுக்க மாட்டேன். அழைக்கப்படுபவர் எப்போதும் மாற்றுத்திறன் இல்லாதவராகவும் ஆடுபவர் மட்டும் மாற்றுத்திறனாளியாகவும் இருந்தால், யார் சிந்திப்பவர், யார் களிமண் என்பது பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இந்த நிலை மெல்ல மாறியிருக்கிறது. கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் ஆடத் தொடங்கிய மார்க் புரூ, 2017இல் ஆக்ஸிஸின் கலை இயக்குநரானார். ஸ்காட்லாந்தின் கிளேர் கன்னிங்ஹாம், ஊன்றுகோல்களைக் கொண்டே ஒரு தனி நடன மொழியை உருவாக்கியிருக்கிறார். ஆக்ஸிஸில் ஆடிய அலிஸ் ஷெப்பர்ட், பின்னர் கைனடிக் லைட் என்ற குழுவைத் தொடங்கி, மேடை முழுவதையும் ஒரு பெரிய சாய்தளமாக்கி ஒரு முழுநீளப் படைப்பையே அமைத்தார். கட்டடத்தின் பின்வாசலில் ஒப்புக்குக் கட்டிவைக்கப்படும் அந்தச் சாய்தளத்தை ஆடுகளமாக மாற்றுவது, படிக்கட்டில் ஏறிப் பழகிய அமைப்பாளர் ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கேள்வி: உடல்கள் இவ்வளவு வேறுபட்டிருக்கும்போது, எல்லோரும் ஒரே மாதிரி ஆடும் குழு நடனம் சாத்தியமே இல்லையே?

பதில்: ஒரே வடிவம் சாத்தியமில்லை, ஒரே நேரம் சாத்தியம். எட்டுப் பேர் எட்டு விதமாக ஒரே நொடியில் திரும்பி ஒரே நொடியில் நின்றால், அதைக் கண் ஒற்றுமையாகவே வாசிக்கிறது.

கேள்வி: நான் நடன ஆசிரியை. மாற்றுத்திறனாளிகளும் இடம்பெறும் ஒரு குழு, ஆறு வாரத்தில் ஒரு படைப்பை அமைத்துத் தரும்படி கேட்டிருக்கிறது. முதல் நாளில் அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற தயக்கம் இருக்கிறது.

பதில்: உடலுக்கு என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று கேட்காதீர்கள், உங்கள் பணிக்கு அது தேவையில்லை. எது வலிக்கும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும், தரையில் இறங்கி ஆட விருப்பமா, இறங்கினால் திரும்ப ஏற யாருடைய உதவியை விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். மாற்றுத்திறன் இல்லாத கலைஞர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பழைய முழங்கால் காயத்தை மறைத்துக்கொண்டு ஆடுபவர் அங்கேதான் இருப்பார். சக்கர நாற்காலியை அதில் இருப்பவரின் உடலாகவே கருதுங்கள். கேட்காமல் அதன்மேல் சாயவோ, அதைத் தள்ளி ‘சரியான இடத்தில்’ நிறுத்தவோ கூடாது.

காது கேளாத கலைஞர் இருந்தால் தொடக்கக் குறிப்பை இசையில் வைக்காதீர்கள். ஒருவரின் மூச்சு, தலைத்திருப்பம், விளக்கு மாற்றம் ஆகியவற்றில் வையுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் உங்கள் சொற்களைச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அசைவையும் செய்து காட்டினால் பார்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தவறவிடுவார் என்பதால், முதலில் சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஆஸ்திரேலியாவின் ரெஸ்ட்லெஸ் குழுவும் இங்கிலாந்தின் ஸ்டாப்கேப் குழுவும் நெடுங்காலமாகப் பணியாற்றுகின்றன. நீண்ட எண்ணிக்கையை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ஒரு சூழலையோ ஒரு செயலையோ கொடுத்து, அதில் பிறக்கும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து நிலைப்படுத்துவது பலனளிக்கும். சற்றுத் தாமதமாகும், ஆனால் ஒரு முறை பதிந்துவிட்டால் பிறகு எளிதில் கலையாது.

ஆறு வாரம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் வாரம் ஒருவரையொருவர் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். ஒரு வார அவகாசம் கூடுதலாகக் கேளுங்கள். இன்னொன்றையும் ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள்: ஒரு கலைஞர் குழுவை விட்டு விலகினால், அவர் பாத்திரத்தில் வேறொருவரை அப்படியே பொருத்த முடியாது, அந்தப் பகுதியைப் புதிய உடலுக்காக மறுபடியும் அமைக்க வேண்டும். அதற்கு நீங்கள் திரும்பி வருவீர்களா, வந்தால் ஊதியம் யார் தருவது என்பதை இப்போதே எழுத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

கேள்வி: இப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து அழுதுவிட்டேன். ‘மனவுறுதிக்கு எடுத்துக்காட்டு’ என்று பாராட்டி எழுதினேன். குழுவில் ஒருவர் அதை விரும்பவில்லை. தவறாக என்ன எழுதினேன்?

பதில்: தவறாக எழுதவில்லை, நடனத்தைப் பற்றி எழுதவில்லை. 1994இல் பில் டி. ஜோன்ஸ், கொடிய நோயோடு வாழ்பவர்களின் அனுபவங்களிலிருந்து ஒரு படைப்பை உருவாக்கியபோது, அமெரிக்காவின் மதிப்புக்குரிய நடன விமரிசகர் ஒருவர், இதை விமரிசிக்க இயலாது என்று கூறி, பார்க்காமலேயே கண்டித்து எழுதினார். இரக்கம் குறுக்கே நிற்கும்போது விமரிசனம் செய்வதெப்படி என்பது அவர் வாதம். உங்கள் பாராட்டும் அவருடைய கண்டனமும் எதிரெதிர் திசையில் புறப்பட்டு ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன: இருவருமே மேடையைப் பார்க்கவில்லை. அந்தக் கலைஞர் பல ஆண்டுப் பயிற்சியில் பெற்ற ஒரு திருப்பத்தை, ஒரு நிறுத்தத்தை நீங்கள் கவனித்தீர்களா என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அன்று மேடையில் சலிப்பூட்டிய பகுதி ஏதேனும் இருந்திருந்தால் அதையும் எழுதி அவருக்கு அனுப்புங்கள்.