புது வாழ்வும் ஞானஸ்நானமும்: ஓய்வுபெற்ற ஆயரிடம் கேளுங்கள்

தென்னிந்தியத் திருச்சபையில் 31 ஆண்டுகள் ஆயராக, அதாவது சபைப் போதகராக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். கிறிஸ்துவை ஏற்றுப் புது வாழ்வு தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டுத் திகைத்து நிற்பவர்களும் கேட்கலாம். சாதிச் சான்றிதழ், திருமணம், சொத்து பற்றியும் அனுபவத்தில் கொஞ்சம் தெரியும். உலகம் எப்போது முடியும் என்று கேட்க வந்தவர்களுக்கு இப்போதே ஸ்தோத்திரம் சொல்லி விடைகொடுக்கிறேன்.

நாகர்கோவில் வாசகி: ஐயா, எங்கள் ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் தாங்கள் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லிச் சாட்சி கொடுக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. நான் மறுபடியும் பிறக்கவில்லையா?

எனக்கும் தேதி கிடையாது அம்மா. நீங்கள் பிறந்த நேரம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிறந்தது உண்மைதானே?

'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்ற சொல்லை இயேசு யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். நிக்கொதேமு, ஊரறிந்த பெரிய மனிதர், யாருக்கும் தெரியாமல் இரவில் வந்தவர். முதுமையில் ஒருவன் எப்படிப் பிறப்பான் என்று கேட்கிறார். பதில் கிடைக்கிறது. அதன்பின் அவர் என்ன செய்தார்? யோவான் 3ஆம் அதிகாரத்தில் ஒன்றும் இல்லை. கண்ணீர் இல்லை, கைதூக்கல் இல்லை, வந்த வழியே போய்விட்டார் போலிருக்கிறது. 7ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து, விசாரிக்காமல் ஒருவனைத் தீர்ப்பது முறையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வசவு வாங்கிக்கொள்கிறார். 19ஆம் அதிகாரத்தில், சீஷர்களே ஓடி ஒளிந்த பிறகு, நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து சுமந்துகொண்டு இயேசுவின் உடலை அடக்கம்பண்ண வருகிறார். இவர் எந்தத் தேதியில் பிறந்தார் என்று உங்கள் ஜெபக்கூட்டத்தாரிடம் கேளுங்கள்.

பவுலுக்கு ஒரே நாளில் நடந்தது. சிலருக்கு அப்படித்தான் நடக்கும். மற்றவர்களுக்கு விடியற்காலம் மாதிரி. எந்த நொடியில் விடிந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் விளக்கை அணைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: தெளிப்பு ஞானஸ்நானம் செல்லுமா, முழுக்குதான் செல்லுமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், முழுதாகவே சொல்லிவிடுகிறேன். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கு மட்டும், முழுக்கு மட்டும். எங்கள் திருச்சபையிலும் லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகளிலும் குழந்தைகளுக்கும் உண்டு. தண்ணீர் ஊற்றியோ தெளித்தோ கொடுக்கலாம், முழுக்கியும் கொடுக்கலாம். ஆதிச்சபையின் மிகப் பழைய கையேடான 'திதாகே' ஓடும் தண்ணீரில் கொடு, இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. அந்தக் காலத்துச் சபைக்கு இருந்த பெருந்தன்மை நமக்கு இல்லை. எந்தச் சபையில் வாழப்போகிறீர்களோ அந்தச் சபையின் முறைப்படி பெற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஆழத்தை அளந்துகொண்டு நிற்காதீர்கள்.

பெயர் சொல்லாத மாணவன், 17 வயது: வீட்டுக்குத் தெரியாமல் அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் எடுக்க ஒரு பாஸ்டர் சம்மதித்துவிட்டார். எடுக்கலாமா?

வேண்டாம். 18 வயது ஆகட்டும். உன் அம்மாவிடம் சொல், தம்பி. அடி விழுந்தாலும் சொல். பெற்றோருக்குத் தெரியாமல் பதினேழு வயதுப் பையனைத் தண்ணீரில் இறக்கச் சம்மதிக்கும் போதகர் நாளை பிரச்சினை வந்தால் உன் பக்கம் நிற்கமாட்டார். காத்திருப்பதால் விசுவாசம் கெட்டுப்போகாது.

மதுரை வாசகர்: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். ஞானஸ்நானம் எடுத்தால் சான்றிதழ் என்ன ஆகும்? சபையில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

சொல்லமாட்டார்கள். சொன்னால் ஆள் வராது என்ற பயம். நான் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, தீர்மானம் சட்டமாகாது.

ஞானஸ்நானம் எடுத்துவிட்டுச் சான்றிதழில் மட்டும் 'இந்து' என்று வைத்துக்கொள்வதைப் பலர் செய்கிறார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றே தீர்ப்பளித்தது. இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். மதம் மாறியவுடன் தீண்டாமை போய்விடுகிறதா என்ன? ஆனால் நியாயமில்லாத சட்டமும் உங்கள் வேலையைப் பறிக்கும். இழப்பைக் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று சொன்னவரும் இயேசுதான்.

லக்னோவில் பணிபுரியும் தமிழர்: இங்கேயே ஞானஸ்நானம் எடுக்க ஏதாவது விதி இருக்கிறதா?

உண்டு. உத்தரப்பிரதேசச் சட்டப்படி 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2002இல் வந்த தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

கோவை வாசகி: நான் ஏற்றுக்கொண்டேன், கணவர் ஏற்கவில்லை. அவிசுவாசியோடு வாழக்கூடாது என்று சபையில் ஒரு சகோதரி சொல்கிறார்.

அந்தச் சகோதரியிடம் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனைத் தள்ளிவிடாதே என்றுதான் பவுல் எழுதுகிறார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்துத் திருமணச் சட்டப்படி துணைவர் மதம் மாறுவது விவாகரத்துக் கேட்க ஒரு காரணம். ஆகவே கணவரிடம் பேசிவிட்டு எடுங்கள், பேசாமல் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமை முழு இரவு ஜெபம் என்று வீட்டைப் போட்டுவிட்டு ஓடினால் அவர் கிறிஸ்துவின் மேல் கோபப்படமாட்டார், உங்கள் மேல்தான் கோபப்படுவார். அதுவும் நியாயமான கோபமாக இருக்கும்.

திருச்சி வாசகர்: புது மனிதனுக்குப் புதுப் பெயர் வேண்டும் அல்லவா? சவுல் பவுலாக மாறினாரே. முருகன், லட்சுமி என்ற பெயரோடு எப்படித் திருவிருந்தில் பங்குபெறுவது?

இதற்குத்தான் காத்திருந்தேன். சவுல் பவுலாக மாறவே இல்லை. தமஸ்குவில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பல அதிகாரங்கள் அவர் சவுல்தான். அப்போஸ்தலர் 13:9இல் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வருகிறது. வீட்டில் யூதப் பெயர், வெளியில் ரோமப் பெயர், அவ்வளவுதான். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் அவர் வாழ்த்துச் சொல்பவர்களில் எர்மே என்று ஒருவர் இருக்கிறார். அது கிரேக்கக் கடவுளின் பெயர். ஆதிச்சபையின் போதகர் அப்பொல்லோவின் பெயரும் அப்போலோ தேவனிடமிருந்து வந்ததுதான். யாரும் அவரை 'முதலில் பெயரை மாற்று' என்று சொல்லவில்லை. நம் நாட்டில் சுந்தர் சிங் 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார், சுந்தர் சிங்காகவே போனார். முருகன் முருகனாகவே திருவிருந்துக்கு வரட்டும்.

திருச்சி வாசகர் (மீண்டும்): ஆபிராம் ஆபிரகாம் ஆனார், யாக்கோபு இஸ்ரவேல் ஆனார். நீலகண்டபிள்ளை தேவசகாயம் ஆனார். நீங்கள் உங்களுக்கு வசதியானதை மட்டும் எடுக்கிறீர்கள்.

தேவசகாயத்தைச் சொன்னீர்கள், நல்லது. 1745இல் வடக்கன்குளத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் லாசரு. அதற்கு 'கடவுள் உதவினார்' என்று பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் ஆக்கினார்கள். அவருக்கு ஐரோப்பியப் பெயர் ஒட்டவில்லை பாருங்கள். 2022இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் தேவசகாயம்தான். பெயர் மாற்றுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் என்பதைத்தான் மறுக்கிறேன். ஐம்பது வயது ஆளுக்குப் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, பட்டா, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் ஒரு பெயர் இருக்க, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 'ஸ்டீபன்' என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அரசிதழில் வெளியிட அலையப்போவது அவர்தானே?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தாத்தாவின் பெயர் குப்பன். அவரே வைத்துக்கொண்டதும் இல்லை, அவர் அப்பா ஆசைப்பட்டு வைத்ததும் இல்லை. நல்ல பெயர் வைத்தால் தெருவில் கேட்பார்கள். ஞானஸ்நானத்தில் ஞானமுத்து ஆனார். முதலில் ஊர்க்காரர்கள் கூப்பிட மறுத்தார்கள், பிறகு கூப்பிட்டார்கள். 'பெயர் முக்கியமில்லை' என்று சொல்வது நல்ல பெயரோடு பிறந்தவர்களுக்கு எளிது.

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. திருச்சிக்காரரிடம் சண்டை போடும் ஆர்வத்தில் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை நான். உங்கள் தாத்தாவின் பெயர் மாற்றம்தான் உண்மையான ஞானஸ்நானப் பெயர். கட்டாயம் இல்லை என்ற என் பேச்சு அப்படியே நிற்கட்டும். கேட்டு வருபவருக்கு ஒரு நல்ல பெயரை நெஞ்சாரக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

திருச்சி வாசகர்: ஆக, நான் சொன்னது சரி.

இல்லை. நீங்கள் சொன்னது முருகனைப் பற்றி. அந்த அம்மா சொன்னது குப்பனைப் பற்றி. இரண்டும் வேறு.

பெயரைப் பற்றி இத்தனை அக்கறை இருக்கிறதே, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை? முன்பெயர் சாமுவேல், டேனியல். பின்னால் சாதிப் பட்டம். கல்யாண அழைப்பிதழில் மேலே வேத வசனம், கீழே நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான குடும்பத்தின் சாதி. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற நம் கிறிஸ்தவக் கம்பர் கிருஷ்ணபிள்ளை ஹென்றி ஆல்பிரட் என்று இரண்டு பெயர் சேர்த்துக்கொண்டார், 'பிள்ளை' விழவில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் இரண்டு சாதியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்காரக் கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்களாகக் கோவில் கட்டினார்கள். நடுச்சுவரை இடித்ததற்கு உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. நிறைய கல்லறைத் தோட்டங்களில் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. பழைய மனிதன் ஒளிந்திருக்கும் இடம் அது. முருகனை விட்டுவிடுங்கள்.

சேலம் வாசகர்: தெளிப்பு சரியா, முழுக்கு சரியா?

மேலே, தூத்துக்குடிக்காரருக்கு.

பெயர் வேண்டாம்: பதினைந்து ஆண்டுக் குடி. மார்ச்சில் ஒரு கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்தேன். இரண்டு மாதம் தொடவில்லை. போன வாரம் திரும்பக் குடித்துவிட்டேன். என் புது வாழ்வு பொய்யா?

பொய் இல்லை தம்பி. பேதுரு மூன்று முறை மறுதலித்தது சீஷனாகிப் பல காலம் கழித்து. அவரிடம் பிறகு கேட்கப்பட்டது 'ஏன் மறுதலித்தாய்' என்றல்ல, 'என்னை நேசிக்கிறாயா' என்று.

ஆனால் வேதம் மட்டும் பேசி உங்களை அனுப்பமாட்டேன். மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்திருந்தால், வீம்பாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நீண்டகாலக் குடியைச் சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். நான் அடக்கம் செய்தவர்களில் அப்படி ஒருவர் உண்டு, ஜெபித்தே நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை. மருந்தையும் விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள்.

ஈரோடு வாசகி: சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். விசுவாசம் இருந்தால் நிறுத்தலாம் என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். பவுலின் கூடவே ஒரு வைத்தியர் பயணம் செய்தார், லூக்கா என்று பெயர். நிறுத்தச் சொன்னவருக்கு மூக்குக்கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலம் வாசகர்: அப்படியானால் முழுக்கு?

மேலே.

திண்டுக்கல் வாசகர்: மனந்திரும்புதல் என்றால் நடைமுறையில் என்ன? பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் புரியாமல் போய்விட்டது.

ஒருவரைச் சொல்கிறேன். பனையேறி, 61 வயது. எங்கள் சேகரத்தில், அதாவது என் பொறுப்பில் இருந்த சபை வட்டாரத்தில், ஒரு கிராமத்துக் குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தேன். முடிந்ததும் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு கோவிலுக்குத் திரும்ப, ஆளைக் காணவில்லை. ஈர வேட்டியோடு நேராகப் பலசரக்குக் கடைக்குப் போயிருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் கடைக்காரர் கணக்கு நோட்டைத் தொலைத்துவிட, தன் பாக்கி 340 ரூபாயை இவர் இல்லை என்று சாதித்திருக்கிறார். அதைக் கொடுக்கப் போயிருக்கிறார். இடுப்பில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பணம், அதனால் நனையவில்லை. குளத்தில் இறங்கும்போதே அவர் இடுப்பில் அது இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. கடைக்காரர் வட்டி கேட்டாராம், அதையும் கொடுத்துவிட்டு வந்தார். கோவிலில் நாங்கள் இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம்.

தஞ்சாவூர் வாசகர்: மதம் மாறினால் அப்பா சொத்தில் பங்கு போய்விடுமா?

உங்களுக்குப் போகாது. ஆனால் மதம் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதினால் வேறு. வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேலூர் வாசகர்: வெளிப்படுத்தின விசேஷத்தில் 666...

ஸ்தோத்திரம்.

சென்னை வாசகி, 26 வயது: நாளை காலை எனக்கு ஞானஸ்நானம், ஐயா. முழுக்குதான். என்ன எடுத்துப் போகவேண்டும்? அம்மாவிடம் போன மாதமே சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. இன்று, தானும் வருகிறேன், ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறார்.

அடர்ந்த நிறச் சுடிதார் போடுங்கள்; வெள்ளை நனைந்தால் சங்கடம். இரண்டு துண்டு, மாற்று உடை, ஈரத்துணிக்கு ஒரு பை. உபவாசம் வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பலர் தண்ணீரில் மயங்கிப் பார்த்திருக்கிறேன். மூக்கைப் போதகர் பிடித்துக்கொள்வார், நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை ஓரமாக நிற்க விடாதீர்கள். இன்றே சபையில் சொல்லி முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அந்தத் துண்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.