கென்யாவின் மசாய் மாராவுக்குப் பதிலாக ருவாண்டாவின் அககேரா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு முதல் ஆப்பிரிக்கப் பயணம், மாராவுக்குச் செலவு கையைக் கடிக்கிறது, அககேராவிலும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என ஐந்தும் உண்டாம், ஆனால் "அது வேலி போட்ட மிருகக்காட்சி சாலை" என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்தப் பதில்.

நான் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து வண்டியில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் அககேரா. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் பொறுப்பு. எந்த சஃபாரி கம்பெனியோடும் எனக்குத் தொடர்பு கிடையாது, கமிஷனும் வாங்குவதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது கேட்பார்கள்.

மிருகக்காட்சி சாலை என்று சொன்னவர் அந்த இடத்தின் அளவையாவது பார்த்திருக்கலாம். 1,122 சதுர கிலோமீட்டர். கிழக்கே ஏரிகளும் பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பும், அதற்கப்பால் தான்சானியா. 1934இல் பெல்ஜியக்காரர்கள் அறிவித்தபோது இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, பல பத்தாண்டுகளாக அகதிகளாக வெளிநாடுகளில் கிடந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு நாடு திரும்பினார்கள். அவர்களுக்கு இருக்க இடமும் மாடுகளுக்குப் புல்லும் வேண்டுமே. 1997இல் பூங்காவின் பாதியை வெட்டிக் கொடுத்தார்கள். மீதியிலும் மாடுகள் மேய்ந்தன. மாட்டை அடித்த சிங்கங்களுக்கு விஷம் வைக்கப்பட்டது. புது நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் சிங்கமே இல்லை. காண்டாமிருகத்தை 2007க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

2010இல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு ருவாண்டா அரசோடு சேர்ந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2013இல் மேற்கு எல்லை நெடுக 120 கிலோமீட்டருக்குச் சூரிய மின்வேலி. வேலி எழுந்த பிறகுதான் 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்கள் வந்தன. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டன. 2017இல் 18 கறுப்புக் காண்டாமிருகங்கள், 2019இல் ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளிலிருந்து இன்னும் ஐந்து, 2021இல் 30 வெள்ளைக் காண்டாமிருகங்கள், 2025இல் மேலும் 70. வெள்ளைக் காண்டாமிருகம் ருவாண்டாவின் பூர்விக விலங்கே இல்லையே என்று ஒருவர் வருவார். உண்மைதான். ஒட்டகச்சிவிங்கியும் 1986இல் கென்யாவிலிருந்து கொண்டுவந்ததுதான். யானைகளே 1975இல் ருவாண்டாவின் இன்னொரு பகுதியான பூகெசெராவிலிருந்து கொண்டுவந்து விட்ட 26 குட்டி யானைகளின் வழிவந்தவை. நாற்பது ஐம்பது வருடம் அங்கே பிறந்து வளர்ந்த பிறகும் வந்தேறி என்றால் நான் என்ன சொல்வது?

இப்போது என் மாமனார் கதை. இது இல்லாமல் வேலியைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

அவருக்கு அந்தியூர் பக்கம். பர்கூர் மலைமாடு வைத்திருக்கும் குடும்பம். என் கல்யாணப் பேச்சு நடந்தபோது "ஆப்பிரிக்காவிலயா வேலை?" என்று இழுத்தவரும் இவர்தான். ஒன்று கவனித்திருக்கிறேன். மாப்பிள்ளை துபாய் என்றால் உடனே காபி வருகிறது, கிகாலி என்றால் முதலில் தண்ணீர்தான் வருகிறது. துபாயில் என் கல்லூரித் தோழன் ஓர் அறையில் ஆறு பேரோடு கிடந்தான், அவனுக்கு எழுபது பவுன் பேசினார்கள். எனக்குப் பவுன் வேண்டாம், அதற்காகச் சொல்லவில்லை. இங்கே தெருவில் குப்பை கிடையாது, பிளாஸ்டிக் பைக்கே 2008இலிருந்து தடை, ராத்திரியில் என் மனைவி தனியாக நடந்து வருகிறாள் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் யார் காதிலும் ஏறுவதில்லை. சரி, விடுங்கள்.

பூங்காவுக்குப் போகும் வழியிலேயே மாமனார் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் அங்கோலே மாடுகள், ஒவ்வொன்றின் கொம்பும் கை நீளத்துக்கு மேல். அரைமணி நேரம் அங்கேயே போயிற்று. உள்ளே போன பிறகு வரிக்குதிரையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிங்கம் எங்கீங்க மாப்ள?" என்பது ஒன்றே கேள்வி. சிங்கம் தென்படவில்லை.

வாசலில் எங்களோடு ஏறிய வழிகாட்டி அந்தப் பகுதிப் பையன். அவன் குடும்பமும் தான்சானியாவிலிருந்து மாடுகளோடு திரும்பியதுதான். விஷம் வைத்த காலத்தை அவன் சொன்னான், நான் தமிழில் சொன்னேன். மாமனார் அந்தச் சிங்கங்களுக்காக வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "பின்ன என்னங்க மாப்ள பண்ணுவான்? மாட்டையும் குடுத்துட்டு கையைக் கட்டிட்டு நிப்பானா?" என்றார். வழிகாட்டிக்கு அதை மொழிபெயர்க்கத் தயங்கினேன். சொன்னதும் அவன் சிரித்துவிட்டு, தன் அப்பாவும் இதையேதான் சொல்வார் என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னை விடவில்லை. மாடு செத்தால் காசு உண்டா? காட்டு விலங்கு செய்யும் சேதத்துக்கு இழப்பீடு தர அரசு நிதி ஒன்று இருக்கிறது. பூங்கா வருமானத்தில் ஊருக்கு ஏதாவது வருமா? பத்து சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. வேலிக்குள் மாடு போனால்? போக முடியாது, அதற்குத்தான் வேலி. மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் ஊர்க் கதை வந்தது. 2024இல் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகளில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டி போட்டு மேய்த்த காட்டில் இனி மேய்க்க விடுவார்களா என்பது மலைமாட்டுக்காரர்களின் பயம். "இங்க கோடு எங்கன்னு கண்ணுக்குத் தெரியுது. எங்களுக்குக் காகிதத்துலதான் கோடு" என்றார்.

நம் காட்டிலும் வேலி போடலாம் என்று நான் சொல்லவில்லை. யானை வழித்தடத்தில் வேலி போட்டால் என்ன ஆகும் என்று தெரியும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எட்டுத் திக்கும் ஊர் நெருக்கும் ஒரு சின்ன நாட்டில் வேலி இல்லாமல் சிங்கம் திரும்பியிருக்காது. அவ்வளவுதான் சொல்கிறேன். மாராவில் சமவெளி திறந்து கிடக்கிறது, சிங்கம் எளிதாகக் கண்ணில் படும், ஆற்றைக் கடக்கும் காட்டெருதுக் (வைல்டுபீஸ்ட்) கூட்டம் அங்கேதான். நானும் போயிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றி வண்டிகள் வளைத்து நிற்பதையும் அங்கேதான் பார்த்தேன். அககேராவை மலிவான மாரா என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

திட்டம் என்று கேட்டால், ஜூன் முதல் செப்டம்பர் வரை போங்கள். புல் காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி வரும். உங்களுக்கு அப்போது பள்ளி விடுமுறை ஒத்துவராது, தெரியும். ஏப்ரல், மே என்றால் மழைக்காலம், பாதை சேறு. டிசம்பர் கடைசி ஓரளவு பரவாயில்லை.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பேக்கேஜ் விற்பார்கள், வாங்காதீர்கள். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறவே முழுப் பகலும் வேண்டும். நல்ல விலங்குக் கூட்டம் இருப்பதோ வடக்கே கிலாலா சமவெளியில். அவசரப்பட்டால் அதைத்தான் விட்டுவிடுவீர்கள். இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் மாலை இஹேமா ஏரியில் படகு: நீர்யானை, முதலை, பறவைகள். பிள்ளைகளுக்குச் சிங்கத்தைவிட இதுதான் பிடிக்கும், பந்தயம் கட்டுகிறேன். படகுக்கு முன்பதிவு அவசியம். மறுநாள் விடிந்ததும் கிளம்பி வடக்கு நோக்கி. சொந்தமாக வண்டி ஓட்டினாலும் வாசலில் உள்ளூர் வழிகாட்டியை ஏற்றிக்கொள்ளுங்கள், அந்தக் காசு வீண் போகாது.

நீலம், கறுப்பு உடை வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும், ஜீன்ஸ் துணிக்கு மேலேயே கடிக்கும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். கென்யா வழியாகவும் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள், திரும்பி வரும்போது இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

கொரில்லாவையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஆளுக்கு 1,500 டாலர் அனுமதிக் கட்டணம், அதோடு 15 வயதுக்குக் கீழே விட மாட்டார்கள். பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள், அதற்கேற்ப எங்கே தங்கலாம் என்று சொல்கிறேன்.